உட்கார்ந்தே செய்த ஊழியம்

விபத்தில் நடக்கும் சக்தியை இழந்த ஓர் இளம் டாக்டர், வேலூரில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பிறகு தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு மருத்துவத் துறையையே கட்டி எழுப்பினார். டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கையில் விசுவாசம் எந்த இடத்தில், எப்படி வேலை செய்தது?

1954 ஜனவரி 30. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் டாக்டர்கள் சிலர் ஒன்றாக ஒரு வண்டியில் வெளியூர் கிளம்பினார்கள். வழியில் வண்டி விபத்தில் சிக்கியது. அதில் இருந்த மேரி வர்கீஸின் முகம் கிழிந்தது, முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியது. அப்போது அவருக்கு வயது 28. பெண்கள் நோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர், அதையே வாழ்நாள் வேலையாக எண்ணியிருந்தவர். கண் விழித்தபோது கால்கள் இருந்தன. அவற்றில் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, 1972-ல் அவருக்குக் கிடைத்த பத்மஸ்ரீ விருதில் போய் நிற்பார்கள். நடுவில் “கடவுள் நம்பிக்கை, விடாமுயற்சி” என்று இரண்டு வார்த்தைகள் வரும். அந்த 18 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். விசுவாசம் அவரிடம் வெறும் ஆறுதலாக நின்றுவிடவில்லை. ஆபரேஷன் மேஜையாக, பயிற்சிக்கூடமாக, தேர்வு எழுதும் படிப்பாக, கடைசியில் ஒரு கட்டடமாக உருவெடுத்தது.

செராயிலிருந்து வேலூருக்கு

கொச்சிக்கு அருகே உள்ள செராய் என்ற கடலோர ஊரில் 1925-ல் பிறந்தவர் மேரி. சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பு முடித்து, டாக்டராகும் ஆசையோடு வேலூருக்கு வந்தார்.

அவர் வந்து சேர்ந்த இடத்துக்கே ஒரு வரலாறு உண்டு. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர், இந்தியாவில் தங்கக்கூடாது என்ற முடிவோடு இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் பெண்களைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட மூன்று வீட்டாருக்கும் மனமில்லை. ஐடாவோ டாக்டர் அல்ல. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது அவருடைய மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் பெரிய கல்லூரியாக வளர்ந்தது.

பெண்களுக்கான மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்த மேரி, அந்த வழியில்தான் நடக்கத் தொடங்கியிருந்தார். விபத்து அந்த வழியை அடைத்தது. பிரசவ அறையில் நள்ளிரவு வேலையும் வார்டுக்கு வார்டு ஓட்டமும் இனி அவரால் ஆகாது.

ஜெபம் திசை திரும்பிய இடம்

தண்டுவடம் அறுந்தவர்களை இரண்டாம் உலகப் போர் வரை உலகம் ஏறக்குறையக் கைவிட்டிருந்தது. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வரும். சிறுநீர் தானாகப் பிரியாததால் கிருமித் தொற்று சிறுநீரகத்தை எட்டும். காயம் கொல்லாவிட்டாலும் இவை இரண்டும் கொன்றுவிடும். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-ல் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கி, நோயாளியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப் பையைச் சுத்தமாகக் காப்பது, எழுப்பி உட்காரவைத்து வேலை கொடுப்பது என்று முறைப்படுத்தினார். அதன் பிறகே இவர்களாலும் நெடுநாள் வாழ முடியும் என்று மருத்துவர்களுக்குத் தெளிவாயிற்று.

அந்த அறிவு இந்தியாவுக்கு வந்து பரவுவதற்கு முன்பே மேரியின் விபத்து நடந்தது. அவர் விழுந்த இடம் மட்டும் அவருக்குச் சாதகம். நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரிலேயே இருந்தார். மேரிக்கு வைத்தியம் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். மாதக்கணக்கில் படுக்கை. திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. முகத்தில் தழும்பு.

விசுவாசமுள்ள ஒருவர் இந்த நிலையில் என்ன கேட்டு ஜெபிப்பார்? கால்களைத்தான். சப்பாணியை நடக்கவைத்த இயேசுவின் கதைகளைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர், அதையல்லாமல் வேறெதைக் கேட்க முடியும்! நம் ஊர் சுகமளிக்கும் கூட்டங்களில் இன்றும் எதிரொலிப்பது அந்த ஜெபம்தான். அது தவறான ஜெபம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அது கிடைக்காதபோது சிலர் கேட்கும் கேள்வி கொடுமையானது: “விசுவாசம் போதவில்லையோ? ஏதாவது பாவம் இருக்குமோ?”

வேதத்தை முழுசாக வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கேள்விக்கு இடமில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு மறுத்தார். சபைகளை நாட்டிய பவுலே தன் உடம்பில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபை கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லத் துணியமாட்டார்.

மேரியின் ஜெபமும் மெல்லத் திசை திரும்பியது. போன கால்களைக் கேட்பதிலிருந்து, இருக்கிற கைகளை ஒப்படைப்பதற்கு அவர் வந்து சேர்ந்தார். அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் 1963-ல் வெளியிட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றுக்கு ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ (என் கைகளை எடுத்துக்கொள்ளும்) என்று பெயர் வைத்தது அதனால்தான் பொருத்தம்.

நாற்காலியும் ஆபரேஷன் மேஜையும்

கைகளை ஒப்படைத்தாயிற்று. அந்தக் கைகளுக்கு என்ன வேலை? இதற்கு விடை கொண்டுவந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர். 1946-ல் வேலூருக்கு எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தவர்.

தொழுநோயாளியின் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். பிராண்டின் ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டியது. நோய் நரம்பைத் தாக்குகிறது. உணர்வு போய்விடுகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் சுடுவதில்லை. ஆணி குத்தினாலும் வலிப்பதில்லை. வலி எச்சரிக்காததால் காயம் ஆழமாகி விரல் தேய்கிறது. அதோடு, உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல மடங்கிவிடுகின்றன. முன்கையின் தசைகளில் பலவற்றை நோய் தொடுவதில்லை. நன்றாக இயங்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால், மடங்கிய விரல் மறுபடி நிமிரும். இந்தச் சிகிச்சையை 1940-களின் கடைசியில் வேலூரில் அவர் தொடங்கிவைத்தார்.

மேரி மறுபடி டாக்டராக வேலை பார்க்கலாம் என்று பிராண்ட் சொன்னது இரக்கத்தால் மட்டும் அல்ல. அதில் ஒரு தொழில் கணக்கும் இருந்தது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும் சர்ஜன் நின்றுதான் ஆகவேண்டும். கைக்கு ஆபரேஷன் செய்கிறவர் உட்கார்ந்தே செய்வார். நோயாளியின் கை ஒரு சிறு மேஜையில் நீட்டி வைக்கப்பட்டிருக்கும். சர்ஜன் அதன் எதிரே அமர்ந்து, நூல் நூலாக நாணைப் பிரித்து எடுப்பார். கால்கள் தேவைப்படாத அறுவை சிகிச்சை அது. சக்கர நாற்காலி அந்த மேஜைக்கு அடியில் நுழைந்தால் போதும்.

நுழைந்தது. மேரி பிராண்டிடம் கற்று, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். ஊரும் உறவும் ஒதுக்கிய நோயாளிகள், இனி நமக்கென்ன வாழ்வு என்று சோர்ந்து கிடந்தவர்கள், சக்கரத்தில் உருண்டு வந்து தங்கள் விரல்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரைக் கண்டு திகைத்தார்கள். தங்களைவிட அதிகம் இழந்தவர் தங்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்! புத்திமதி எதுவும் சொல்லாமலேயே அந்தக் காட்சி அவர்களைத் தூக்கி நிறுத்தியதை பிராண்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த டாக்டருக்கும் அந்த நோயாளிகளுக்கும் இடையே வெளியே தெரியாத இன்னோர் ஒற்றுமையும் இருந்தது. அவர்களுடைய கைகளுக்கு வலி தெரியாது. இவருடைய உடம்பின் கீழ்ப்பாதிக்கு வலி தெரியாது. ஆபரேஷனில் மூழ்கி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், இரத்த ஓட்டம் நின்று புண் வரும். அது வருவதும் தெரியாது. தன் உடம்பைக் கண்ணால் பார்த்துத்தான் காக்கவேண்டும் என்று நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் பாடத்தை அவரே நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. மன உறுதி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிக் கடந்துபோவதன் உள்ளே இருப்பது இப்படிப்பட்ட சலிப்பூட்டும் ஒழுங்குதான்: நேரத்துக்குப் பக்கம் மாறி உட்காருவது, நேரத்துக்குச் சிறுநீர் கழிப்பது, தோலைச் சோதிப்பது. நாளைக்கும் அதே. நாளை மறுநாளும் அதே.

கூரையைப் பிரித்தவர்கள்

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு சுமந்து வந்த கதை சுவிசேஷத்தில் உண்டு. வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே போக வழியில்லை. அவர்கள் கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, கட்டிலை இயேசுவின் முன்னால் இறக்கினார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைக் கண்டே இயேசு பேசத் தொடங்கினார் என்கிறது வேதம். படுத்திருந்தவன் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதாக எழுதப்படவில்லை.

மேரியின் கதையிலும் கூரையைப் பிரித்தவர்கள் இருந்தார்கள். உயிரைக் காத்த டாக்டர்கள், இரவு பகலாகப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ்கள், சக்கர நாற்காலியில் வரும் சர்ஜனை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுமதிக்கத் தயங்காத கல்லூரி. அதே ஆண்டில் அதே காயத்தோடு ஒரு கிராமத்துப் பெண் கூரை வீட்டில் கிடந்திருந்தால், அவளுக்கும் மேரியளவு விசுவாசமும் உறுதியும் இருந்திருந்தாலும், படுக்கைப்புண்ணே அவள் கதையை முடித்திருக்கும். இதைச் சொல்வதால் மேரியின் பெருமை குறையாது. இந்த வித்தியாசத்தை மற்றவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தவர் அவரேதான் என்பதை அவருடைய அடுத்த அடிகள் காட்டுகின்றன.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான பயிற்சியை அங்கே நோயாளியாகவே பெற்றார்: கைகளின் பலத்தால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது, தன் வேலைகளைத் தானே செய்துகொள்வது. உட்கார்ந்து ஆபரேஷன் செய்வதைவிடப் பெரிய வேலை ஒன்று காத்திருப்பது அவருக்குப் புலப்பட்டது. பயிற்சி கொடுத்தால் தனக்கு வந்த விடுதலை இந்தியாவில் இருக்கும் மற்றவர்களுக்கும் வருமே!

அதற்கு முறையான படிப்பு வேண்டும். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையம் அந்நாளில் உலகப் புகழ் பெற்றது. நோய் வராமல் தடுப்பது முதல் கட்டம், வந்த நோயைத் தீர்ப்பது இரண்டாவது கட்டம், அதன் பிறகு மனிதனை மறுபடி வாழ்க்கையில் நிறுத்துவது மருத்துவத்தின் மூன்றாவது கட்டம் என்பது ரஸ்கின் கொள்கை. உலக மறுவாழ்வு நிதியத்தின் உதவித்தொகையில் மேரி அங்கே போய்ச் சேர்ந்தார். நாற்காலியில் இருந்தபடியே படிப்பை முடித்து 1963-ன் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பினார். புதிதாக அமைந்த உடலியக்க மருத்துவ, மறுவாழ்வுத் துறைக்கு அவர்தான் தலைவர்.

பாகாயத்தில் ஒரு வாழ்க்கைப் பள்ளி

துறை இருந்தால் மட்டும் போதவில்லை. தண்டுவடம் அடிபட்டவருக்குப் பத்து நாள் வார்டு உதவாது. மாதக்கணக்கில் தங்கிப் பழக இடம் வேண்டும். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளை உள்ளேயே தங்கவைத்து மறுவாழ்வு தரும் நிலையங்களில் நாட்டிலேயே முதலாவதாக அது கருதப்படுகிறது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே இறக்கிவைத்தால் பாகாயத்தில் பலிக்காது. அங்கே வழவழப்பான தரை, லிஃப்ட், மேசையில் சாப்பாடு. இங்கே வருகிறவர் தென்னை மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்த கூலித் தொழிலாளி. அவர் வீட்டில் உயரமான நிலைப்படி, தரையில் உட்கார்ந்து சாப்பாடு, குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ். வீட்டைத் தாண்டினால் வரப்பு. அங்கே நாற்காலிச் சக்கரம் இரண்டு அடி நகராது. ஆகவே இந்த ஊருக்கேற்ற மறுவாழ்வு வேண்டும்: தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவது, தரையிலேயே நகர்வது, உட்கார்ந்து செய்யக்கூடிய கைத்தொழில், வீட்டிலிருந்து ஒருவரைக் கூடவே தங்கவைத்துப் பராமரிப்பைக் கற்றுக்கொடுப்பது. டாக்டர் மட்டும் நினைத்தால் ஆகிற காரியமல்ல இது. உடற்பயிற்சி சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர், செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்காரர் எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டிய தேர்.

அந்த அணிக்குத் தலைவர் சக்கர நாற்காலியில் இருந்தார் என்பது நோயாளிகளுக்குத் தனிப் பலம். “எனக்கு இது நடக்குமா டாக்டர்?” என்று கேட்கிறவருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்களை மறுபடி வரவழைத்து, உடம்பைப் பரிசோதித்து, விளையாட்டும் கலைநிகழ்ச்சியும் நடத்தும் ‘ரீஹேப் மேளா’ இன்றைக்கும் அந்தத் துறையின் வழக்கம். பெட்டிக்கடை வைத்தவரும் தையல் மெஷின் வாங்கியவரும், நேற்று வந்து படுத்தவரோடு பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

1986 டிசம்பரில் மேரி வர்கீஸ் காலமானார். விபத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகளுக்கும் மேல். தண்டுவடம் அறுந்தவர்கள் நெடுநாள் வாழ மாட்டார்கள் என்று நம் நாடு இன்னும் நம்பியிருந்த காலத்தில் தொடங்கிய 32 ஆண்டுகள் அவை.

சாட்சி கேட்கும் முன்...

தடைகளை வெல்வது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி காட்டியவர். அவருக்கு வேறு நம்பிக்கை, அதே உறுதி. இரண்டு பேருமே ஒரு நிறுவனத்தை உருவாக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்கு வழி கிடைத்ததோடு நிற்காமல், அடுத்தவருக்கும் அதே வழியைப் போட்டார்கள்.

மேரியின் வாழ்க்கை கிறிஸ்தவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறது. நம் சபைகளுக்குச் சாட்சி பிடிக்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் மைக்கைப் பிடித்து, தேவன் தன்னை நடத்திய விதத்தைச் சொன்னால் அரங்கமே கண்ணீர் விடும். ஆராதனை முடிந்ததும் அந்த நாற்காலியை நான்கு பேர் தூக்கித்தான் படியில் இறக்குவார்கள். அடுத்த ஞாயிறு தூக்க ஆள் இல்லையென்றால் அவர் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆள் இருக்காது. பொது இடங்களில் எல்லோரும் தடையில்லாமல் நுழைய வசதி வேண்டும் என்று 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பெண்மணி தன் விசுவாசத்தின் பேரில் பாகாயத்தில் இதைச் செய்து காட்டிவிட்டார்.

அவரைக் கொண்டாட நினைக்கும் சபை ஒரு சிறிய கணக்கிலிருந்து தொடங்கலாம். சரிவுப்பாதைக்கு அளவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். உங்கள் ஆலய வாசலில் அரை அடி உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் பதினெட்டு அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும். பிடித்துக்கொள்ள இருபுறமும் கம்பி வேண்டும். வாசலும் கழிப்பறைக் கதவும் நாற்காலி நுழையும் அகலத்துக்கு இருக்க வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், புதிய சவுண்ட் சிஸ்டத்துக்கு முன்னால் இதை எடுத்துப் பேசுங்கள்.